மகிழ்ச்சிக்கு மதிப்பெண் போடும் இரவுகள்

கேள்வி: எனக்கு 43 வயதாகிறது. வேலை, குடும்பம், உடல்நலம் எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீண்ட நாள் எதிர்பார்த்த பதவி உயர்வும் சென்ற ஆண்டு கிடைத்தது. ஆனாலும் ‘நான் மகிழ்ச்சியாக இருக்கிறேனா?’ என்று என்னையே கேட்டுக்கொண்டால் உறுதியாக ‘ஆம்’ என்று சொல்ல வரவில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் அன்றைய மகிழ்ச்சிக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு குறிப்பேட்டில் மதிப்பெண் எழுதி வருகிறேன். பயணம் போனேன், புதிதாக ஒரு கலை கற்றேன், நன்றி சொல்லிக் குறிப்பு எழுதினேன். எண் ஆறைத் தாண்டினால் ஒரு வாரம்கூட நிற்பதில்லை. போன மாதம் ஒரு மாலை என் மகள் என் தோளில் சாய்ந்தபடி படம் வரைந்துகொண்டிருந்தாள். ‘இதுதான் அந்த மகிழ்ச்சியா? இதற்கு எட்டுப் போடலாமா?’ என்று தோன்றியது; தோன்றிய நொடியிலேயே அந்த உணர்வு கலைந்துவிட்டது. ‘மகிழ்ச்சியைத் துரத்தாதே, மன அமைதியைத் தேடு’ என்கிறாள் தோழி ஒருத்தி. அது தோற்றுப்போனவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் இல்லையா? அமைதி, அமைதி என்று போனால் உணர்ச்சியே இல்லாதவளாக ஆகிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. (என் அண்ணனோடு மூன்று ஆண்டுகளாகப் பேச்சு இல்லை, ஆனால் அது வேறு விஷயம்.) நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது என் மனம் உங்கள் மகள் படம் வரைந்த அந்த மாலையிலேயே நின்றுவிட்டது. மறுபடி படித்தபோது, அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒதுக்கி வைத்திருந்த அந்த ஒற்றை வரி என்னை நிறுத்தியது. அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த மாலையைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் நீங்கள் கேட்ட கேள்வியின் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது.

தோளில் ஒரு குழந்தையின் பாரம். தாளில் வண்ணக்கோல் உரசும் மெல்லிய ஓசை. உங்களிடமிருந்து யாரும் எதையும் கேட்காத சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களுக்கு நீங்கள் அங்கேயே இருந்தீர்கள். இருக்கிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் இருந்தீர்கள். பிறகு உங்களுக்குள் இருக்கும் தேர்வாளர் எழுந்து வந்து, விடைத்தாளைக் கொடு, மதிப்பெண் போட வேண்டும் என்றார். நம் கவனம் அளவில் சிறியது. ஓர் அனுபவத்துக்குள் மூழ்குவதற்கும், வெளியே நின்று அதை அளப்பதற்கும் ஒரே நேரத்தில் அதைப் பங்கிட்டுக் கொடுக்க முடியாது. நீங்கள் அளக்க எழுந்தபோது அந்த இடம் காலியாகிவிட்டது, அவ்வளவுதான். உங்களுக்கு மகிழத் தெரியவில்லை என்பதற்கு இது சான்றாகாது. சொல்லப்போனால் எதிர்ச்சான்று இது. அந்த நிமிடங்கள் எட்டுக்குத் தகுதியானவை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறதே.

உளவியலில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஐரிஸ் மாஸ் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், பங்கேற்றவர்களில் ஒரு பிரிவினருக்கு மகிழ்ச்சியின் முக்கியத்துவத்தை வலியுறுத்தும் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். மற்றொரு பிரிவினருக்கு அந்த வலியுறுத்தல் இல்லாத கட்டுரையைக் கொடுத்தார்கள். பிறகு மனத்தை மகிழ்விக்கும் ஒரு திரைக்காட்சியைக் காட்டியபோது, மகிழ்ச்சி முக்கியம் என்று படித்துவிட்டு வந்தவர்கள்தான் குறைவாக மகிழ்ந்தார்கள். சோகமான காட்சியைப் பார்த்தவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. காரணம் எளிது. சோகமான நேரத்தில் மகிழ்ச்சி வராவிட்டால் அதற்கு நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எல்லாம் நன்றாக இருக்கும்போது எதிர்பார்த்த அளவு வராவிட்டால், ‘இப்போதுமா எனக்கு இவ்வளவுதான்?’ என்று நம் மனத்தின் மீதே நமக்கு ஏமாற்றம் வருகிறது. அந்த ஏமாற்றம் இருக்கிற கொஞ்சத்தையும் தின்றுவிடுகிறது. ‘எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை’ என்று நீங்கள் கடிதத்தைத் தொடங்கியிருந்தீர்கள். உங்கள் துன்பம் அந்த வாக்கியத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன். குறை எதுவும் இல்லாத வாழ்க்கையில், மகிழ்ச்சியாக இல்லாமல் இருப்பதே ஒரு குற்றமாக உங்களுக்குத் தெரியத் தொடங்கியிருக்கிறது.

பதவி உயர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்லது நடந்தால் மனம் துள்ளுகிறது, கொஞ்ச நாளில் பழைய மட்டத்துக்குத் திரும்பிவிடுகிறது என்பதை உளவியலாளர்கள் பிலிப் பிரிக்மனும் டொனால்ட் கேம்பெல்லும் 1971இலேயே எழுதினார்கள். ஓட்டப்பொறியில் எவ்வளவு ஓடினாலும் நின்ற இடத்திலேயே நிற்பதோடு அதை ஒப்பிட்டார்கள். 1978இல் பிரிக்மன் வேறு இருவரோடு சேர்ந்து, பரிசுச்சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, வென்றவர்கள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதல் மகிழ்ச்சியோடு இல்லை; அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் குறைந்தே இருந்தது. அது மிகச் சிறிய ஆய்வு என்பதால் அதை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. 2020இல் வெளியான, ஸ்வீடன் நாட்டில் பரிசுச்சீட்டில் வென்றவர்களைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வு, பணம் வந்தவர்களுக்கு வாழ்க்கை பற்றிய மனநிறைவு பல ஆண்டுகள் கழித்தும் கூடுதலாகவே இருந்ததைக் காட்டியது. ஆனால் அன்றாட மகிழ்ச்சியில் ஏற்பட்ட மாற்றம் அதைவிடச் சிறியதாகவே இருந்தது. ஆக, ‘என் வாழ்க்கை சரியாகத்தான் போகிறது’ என்ற நிறைவும், ‘இன்று நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்ற உணர்வும் ஒரே மரத்தில் காய்ப்பவை அல்ல. முதலாவது உங்களிடம் இருக்கிறது. இரண்டாவதை வைத்து நீங்கள் முதலாவதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

வேண்டும் வேண்டும் என்று துடிப்பதும், கிடைத்ததைச் சுவைப்பதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பதை கென்ட் பெரிட்ஜ் என்னும் நரம்பியல் அறிஞர் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். டோபமைனை ‘மகிழ்ச்சி தரும் வேதிப்பொருள்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது பெரிதும் துணைபோவது சுவைப்பதற்கு அல்ல, வேண்டும் என்ற துடிப்புக்குத்தான். எனவே பதவி உயர்வுக்காகக் காத்திருந்த மாதங்களில் உங்களை இழுத்த வேகத்துக்கும், அது கைக்கு வந்தபின் கிடைத்த இன்பத்துக்கும் அளவு பொருந்தாமல் போனதில் வியப்பில்லை. இதற்காக உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

இனி நீங்கள் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். அமைதி என்பது தோற்றவர்களின் ஆறுதலா?

நாம் பேசும் தமிழையே கொஞ்சம் கவனியுங்கள். ‘நிம்மதிப் பெருமூச்சு விட்டேன்’ என்கிறோம். மகிழ்ச்சிப் பெருமூச்சு என்று யாரும் சொல்வதில்லை. ‘நிம்மதியாகத் தூங்கினேன்’ என்கிறோம். மகிழ்ச்சியாகத் தூங்கினேன் என்பது காதுக்கே ஒட்டவில்லை. மகிழ்ச்சி ‘பொங்குகிறது’, ‘துள்ளுகிறது’. நிம்மதி அப்படி எதுவும் செய்வதில்லை, அது இருக்கிறது, அல்லது ‘போய்விடுகிறது’. இருக்கும்போது நாம் அதைப் பார்ப்பதே இல்லை. ‘வீட்டில் நிம்மதி இல்லை’ என்று இல்லாதபோதுதான் அதற்குப் பெயர் சொல்லத் தெரிகிறது. இன்பத்தையே வாழ்வின் நோக்கமாகச் சொன்னவர் என்று பெயரெடுத்த பண்டைய கிரேக்கச் சிந்தனையாளர் எபிகூரசும், உடலில் வலியும் உள்ளத்தில் கலக்கமும் இல்லாத நிலையைத்தான் உயர்ந்த இன்பமாகக் கொண்டார். ‘இல்லாமை’யால் சொல்லப்படும் இந்த நிலையை இரவு பத்து மணிக்குக் குறிப்பேட்டைத் திறந்து தேடினால் எப்படிக் கிடைக்கும்? சத்தம் போடும் உணர்ச்சிகளை மட்டுமே உங்கள் எண்கள் எண்ணுகின்றன. நீங்கள் ஆறு போட்ட பல நாட்களில் நிம்மதி முழுமையாகவே இருந்திருக்கக்கூடும். அதற்கான கட்டம் உங்கள் தாளில் இல்லை.

அமைதி என்று நான் சொல்வது என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழப்பம் வரும். கவலையே வராத மனம் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு மனத்தை இத்தனை ஆண்டு ஆலோசனைப் பணியில் நான் பார்த்ததில்லை. மனத்தில் என்ன வந்தாலும், அது வந்ததற்காக நம்மோடு நாமே போடும் சண்டை ஓய்ந்திருப்பதைத்தான் அமைதி என்கிறேன். துக்கம் ஒன்று, ‘இன்னும் ஏன் துக்கப்படுகிறேன், இந்நேரம் தேறியிருக்க வேண்டாமா?’ என்று துக்கத்தோடு மல்லுக்கட்டுவது இன்னொன்று. நெருங்கியவரை இழந்து என்னிடம் வருபவர்களிடம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. முதலாவது அவர்களை அழ வைக்கிறது. அவர்களைத் தூங்க விடாமல், யாரையும் பார்க்க விடாமல், அழுதபின் வரும் ஆறுதலைக்கூடத் தொட விடாமல் செய்வது பெரும்பாலும் இரண்டாவதுதான். அந்தச் சண்டை ஓய்ந்த பிறகும் அவர்கள் அழுகிறார்கள். ஆனால் அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க அவர்களால் முடிகிறது.

இந்தச் சண்டையில் நாம் ஏன் வெல்வதில்லை என்பதற்கு உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட சோதனை நல்ல சான்று. ஒரு வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும் என்று பங்கேற்றவர்களிடம் சொன்னார்கள். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பின்னர் ‘இனி நினைக்கலாம்’ என்று அனுமதி கொடுத்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்கு அந்த நினைப்பு அதிகமாக வந்தது. சோர்வாக இருக்கக் கூடாது என்று மனத்துக்குக் காவல் போட்டால், சோர்வு வருகிறதா என்று காவலாளி ஒவ்வொரு நிமிடமும் எட்டிப் பார்க்கத்தான் செய்வார்.

ஆகவே உணர்ச்சியற்றவளாகிவிடுவேனோ என்ற பயம் வேண்டாம். மரத்துப்போவது என்பது கதவைச் சாத்திக்கொள்வது; வலி உள்ளே வராது, மகளின் சிரிப்பும் வராது. அமைதி கதவைத் திறந்து வைப்பதால் வருவது. என்றாலும் இந்த இடத்தில் ஒரு மருத்துவக் கேள்வியைக் கேட்காமல் நகர்ந்தால் நான் என் கடமையிலிருந்து தவறியவனாவேன். முன்பு பிடித்த எதிலும் நாட்டமே இல்லாமல் போவது, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே கிடப்பது, தூக்கமோ பசியோ மாறிப்போவது, எப்போதும் களைப்பு, நான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம் ஆகியவற்றில் பலவும் சேர்ந்து, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்குத் தத்துவம் மருந்தாகாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவுகூட இப்படித் தோற்றம் காட்டும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றே உதவி கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அத்தகைய அறிகுறி எதையும் நான் காணவில்லை. ஆனாலும் கடிதத்தில் எல்லாம் வந்துவிடுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அதேபோல, ஒருவர் உங்களை அவமதிக்கிறார், அடிக்கிறார், உழைப்பைச் சுரண்டுகிறார் என்றால், அங்கே மன அமைதியைத் தேடச் சொல்லி யாராவது அறிவுரை கூறினால் கேட்காதீர்கள். அங்கே தேவை பாதுகாப்பும், எதிர்த்துக் கேட்கும் துணையும்தான். இருப்பதோடு சமாதானம் செய்துகொள்வதைத் ‘தோற்றுப்போனவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்’ என்று நீங்கள் வெறுப்போடு எழுதியிருந்ததுபோலத் தோன்றியது; அந்த வெறுப்பில் நியாயம் இருக்கிறது. நான் சொல்லும் சமாதானம் உள்ளே எழும் உணர்வுகளோடு செய்துகொள்வது. வெளியே நடக்கும் அநியாயத்தோடு அல்ல.

இப்போது, என்ன செய்யலாம்?

குறிப்பேட்டைக் கிழிக்க வேண்டாம். ஆறு வாரங்களுக்கு எண் போடுவதை மட்டும் நிறுத்தி வையுங்கள். எழுதும் பழக்கம் பிடித்திருக்கிறது என்றால், அன்று கண்ணில் பட்ட ஒன்றை, அதைப் பற்றி எந்தத் தீர்ப்பும் சொல்லாமல், ஒரே வரியில் எழுதுங்கள். ‘மகள் இன்று மூன்று கால் உள்ள குதிரை வரைந்தாள், நான்காவது கால் பின்னால் மறைந்திருக்கிறது என்றாள்’ என்பது போன்ற வரி போதும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: தலைப்பில் ‘மகிழ்ச்சி’ என்பதை அடித்துவிட்டு ‘அமைதி’ என்று எழுதி, மறுபடி பத்துக்கு இத்தனை என்று தொடங்கிவிடாதீர்கள். உங்களைப் போல முயற்சியும் ஒழுங்கும் உள்ளவர்கள் பலர் அந்தக் குழியில் விழுந்து, ‘இன்னும் அமைதி வரவில்லையே’ என்ற பதற்றத்தோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

மனம் கொந்தளிக்கும் நேரங்களில் மூச்சை வெளியே விடுவதை, உள்ளே இழுப்பதைவிட நீளமாக்கிப் பாருங்கள். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுப்பதும், விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் செயலால் தணிவதும் உடலின் இயல்பு. நாம் தணியும் பகுதியை நீட்டிக்கிறோம். ஐந்து நிமிடம் போதும். முடிந்ததும் அமைதி வந்ததா என்று சோதிக்காமல் எழுந்து வேலையைப் பாருங்கள். அதோடு, வந்திருக்கும் உணர்வுக்குப் பெயர் சொல்லுங்கள். ‘இது பொறாமை’, ‘இது அவமானம், நெஞ்சுக்குக் கீழே இறுகுகிறது’ என்று மனத்துக்குள் சொன்னாலே போதும். உணர்ச்சிக்குச் சொல்லால் பெயரிடும்போது, அச்சத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புள்ள அமிக்டலா என்னும் மூளைப் பகுதியின் செயல்பாடு தணிவதை 2007இல் வெளியான மூளைப்படப் பிடிப்பு ஆய்வு ஒன்று காட்டியது. சரியான பெயர் கிடைத்தவுடன் தோள்கள் தாமாக இறங்குவதை ஆலோசனை அறையில் நேரிலேயே பார்க்கிறேன்.

கடைசியாக, உங்கள் அண்ணன்.

‘அது வேறு விஷயம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது வேறு விஷயமாக இருந்தால் இந்தக் கடிதத்தில் அதற்கு இடம் கொடுத்திருக்க மாட்டீர்கள். யார் பக்கம் தவறு என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லவும் இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகள் பேசாமல் இருப்பதற்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உழைப்பு தேவைப்படுகிறது. அவர் பெயர் பேச்சில் வந்தால் பேச்சை மாற்ற வேண்டும். கைப்பேசியில் அவர் படம் வந்தால் தள்ளிவிட வேண்டும். மனத்துக்குள் அவரோடு நடத்தும் வாதத்தைப் பாதியில் நிறுத்த வேண்டும். மகிழ்ச்சியைத் தேடுபவர் இந்த விஷயத்தைத் தொட மாட்டார், ஏனென்றால் தொட்டால் அன்றைய எண் ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்கிவிடும். அமைதியைத் தேடுவது தோல்வியா என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இன்று நம்மை நிச்சயமாக வருத்தப்படுத்தும் ஒரு காரியத்தை, நாளை மகிழ்ச்சி வரும் என்ற உறுதியும் இல்லாமல், செய்தாக வேண்டும் என்பதற்காகச் செய்ய அது நம்மைக் கேட்கிறது. அதற்குத் தேவைப்படும் துணிவைத் தோல்வி என்று என்னால் சொல்ல முடியாது.

அவரோடு உறவாடியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விலகி இருப்பதே சரி என்று உங்கள் அனுபவம் சொல்லலாம்; அப்படியானால் அதையே ஒரு முடிவாக எடுத்து, அந்த முடிவில் வரும் வருத்தத்தோடு இருங்கள். முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதுதான் உங்களை அரிக்கிறது. எனவே முதலில் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அனுப்புவதற்காக அல்லாமல் உங்களுக்காக. நடந்தது என்ன, உங்களுக்கு வலித்தது எது, உங்கள் பக்கத்தில் நீங்கள் மாற்றிச் செய்திருக்கக் கூடியது எது, அவரிடம் இன்னும் நீங்கள் எதிர்பார்ப்பது எது என்று, யாரும் படிக்கப் போவதில்லை என்ற துணிச்சலோடு எழுதுங்கள். ஒரு வாரம் அதை மூடி வைத்துவிட்டு மறுபடி படியுங்கள். அதில் அவருக்குச் சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்கள் மிஞ்சினால், அந்த இரண்டை மட்டும் அவருக்கு அனுப்புங்கள். மிஞ்சாவிட்டால் அனுப்ப வேண்டாம். அனுப்பினால், அவர் பதில் எழுதாமலும் போகலாம் என்பதை அனுப்பும் முன்பே உங்களுக்கு நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்பதை எண்ணால் சொல்ல வேண்டாம். அண்ணன் விஷயத்தில் என்ன முடிவு செய்தீர்கள், மகள் என்னென்ன வரைந்தாள் என்று மட்டும் எழுதினால் போதும்.

அன்புடன்,
உங்கள் மனநல ஆலோசகர்